எண்ணிறந்த அண்டங்களும் இறை நம்பிக்கையும்

நம் ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று செயலாளர் பணித்தார். யாம் கற்றது பத்தாம் வகுப்பளவே. பார்ப்பது இரயில்வே எழுத்தர் பணி. சரக்குச் சீட்டுகளையும் பேரேடுகளையும் புரட்டும் கையால் வானநூலையும் சமய நூலையும் புரட்டத் துணிந்தது பிழையாயின் பெரியோர் பொறுத்தருள்க. துணிந்ததற்குக் காரணமாகிய நிகழ்ச்சியை முதற்கண் கூறிவிடுகின்றோம்.

வினா எழுந்த வகை

சென்ற மார்கழியில் நம் குடியிருப்பில் திருவாசக முற்றோதல் நடைபெற்றது. திருவண்டப்பகுதி ஓதி முடிந்ததும், முன்னின்று நடத்திய பெரியவர் மகிழ்ச்சி மேலிட்டு, "மேல்நாட்டார் இன்று தொலைநோக்கியால் காண்பதை எல்லாம் நம் மணிவாசகர் அன்றே பாடிவிட்டார், வேற்றுலகங்களும் அவற்றில் வாழ்வோரும் நமக்குப் புதியன அல்ல" என்றார். கூட்டத்தின் பின்வரிசையில் ஜாதவ்பூரிலேயே பிறந்து, இங்கேயே கல்லூரியில் பயிலும் ஓர் இளைஞன் இருந்தான். அவன் எழுந்து, "தாத்தா, அந்த உலகங்களில் அறிவுடைய உயிர்கள் இருந்தால் அவர்களுக்கும் நம் சிவன்தானா தெய்வம்? அவர்களுக்குத் தமிழ் தெரியாதே, திருவாசகம் கிடைத்திராதே, அவர்கள் எப்படிக் கடைத்தேறுவார்கள்?" என்று வினவினான். சிலர் நகைத்தனர். பெரியவர் முகம் சிவந்து, "கோயிற் பாட்டைக் கேலி செய்யாதே" என்று அதட்டினார். மறுவாரம் அவ்விளைஞன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

அவன் கேட்டது கேலி அன்று என்பது எமக்குத் தெரியும். ஆயினும் அன்று யாம் வாய் திறவாது அமர்ந்திருந்தோம். அந்த மௌனத்திற்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். அவ்வினா உலகெங்கும் அறிஞரையும் சமயத்தாரையும் நூற்றாண்டுகளாக அலைக்கழித்த வினா. அதன் வரலாற்றில் நம் தமிழகத்துக்கும், ஈழத்துக்கும், நாம் குடிபுகுந்த இவ்வங்க மண்ணுக்கும் பங்குண்டு.

தமிழர் கண்ட அண்டங்கள்

பெரியவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில் அண்டங்களின் தொகையை நூற்றொரு கோடிக்கும் மேலாகக் கூறி, அவை அனைத்தும் இறைவன் பெருமைக்கு முன், வீட்டினுள் நுழையும் கதிரொளியில் மிதக்கும் நுண்டுகள்கள் போல்வன என்கின்றார். கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றிய கந்தபுராணத்தில் சூரபதுமன் 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆண்டதாகக் காண்கின்றோம். சைவ ஆகமங்கள் 224 புவனங்களை எண்ணிக் காட்டுகின்றன. அண்மைக் காலத்தவராகிய வடலூர் வள்ளலாரும் 1872ஆம் ஆண்டில் அருளிய அருட்பெருஞ்ஜோதி அகவலில் அண்டங்களின் விரிவை மிகுத்துப் பேசுகின்றார்.

ஆயினும் இங்கு ஒன்றை நாம் மறைத்தல் கூடாது. நம் முன்னோர் கூறிய அண்டம் வேறு. இன்று வானநூலார் கூறும் கோள் வேறு. அண்டமென்பது முட்டை வடிவினதாய், தன்னுள் மேலுலகம் கீழுலகம் யாவும் அடுக்கப்பெற்ற ஒரு முழுப் படைப்பு. அவற்றில் வாழ்வோர் தத்தம் வினைக்கேற்ற உடம்பெடுத்த உயிர்கள். தொலைநோக்கி கொண்டு தேடிக் கண்டு இவற்றை அவர்கள் கூறினார் அல்லர். இறைவனின் எல்லையின்மையை உணர்த்தவே கூறினர். உவமையைக் கணக்காகவும், கணக்கை உவமையாகவும் மாற்றிக்கொள்வதால் இரண்டும் கெடும். எம் அலுவலகத்தில் ஒரு பேரேட்டின் வரவை மற்றொரு பேரேட்டில் பதிந்தால் இரண்டு கணக்கும் பிழைபடுதல் போல்வது இது.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. நூற்றொரு கோடி அண்டங்களைப் பாடிய அதே மணிவாசகர், திருப்பள்ளியெழுச்சியின் இறுதிப் பாடலில், திருமாலும் நான்முகனும் தாம் பூமியிற் பிறவாமையால் நாளை வீணே கழிக்கின்றோமென்று ஏங்குவதாகப் பாடுகின்றார். சிவபிரான் உயிர்களை ஆட்கொள்ளும் இடம் இப்பூமியே என்பது அவர் கருத்து. தேவருலகம் வினைப்பயனை நுகரும் போகபூமி. இவ்வுலகமோ வினை செய்து உய்யும் கருமபூமி. ஆக, அண்டங்கள் எண்ணிறந்தன என்பதும், இந்தச் சிறு பூமி ஒப்பற்றது என்பதும் ஒரே திருவாக்கில் அருகருகே நிற்கின்றன. இவ்விரண்டையும் எங்ஙனம் பொருத்துவது என்பதே அவ்விளைஞன் வினாவின் உட்கிடை. அவன் அதனை அறிந்து கேட்டானோ அறியாது கேட்டானோ, இடம் அறிந்தே தொட்டான்.

மேலை நாட்டில் மூண்ட வழக்கு

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியது அன்று. கிறித்தவ சமயத்தார்க்கு இது இன்னும் கூர்மையாகவே இருந்தது. 1277ஆம் ஆண்டில் பாரிசு நகர ஆயர், இறைவனால் பல உலகங்களைப் படைக்க இயலாது என்று கற்பிப்பதைத் தடை செய்தார். படைத்தான் என்பதன்று அவர் கருத்து; இறைவன் ஆற்றலுக்கு வரம்பு கட்டலாகாது என்பதே. 1584இல் ஜியோர்தானோ புருனோ என்னும் துறவி எல்லையற்ற வெளியில் எண்ணற்ற உலகங்கள் உளவென்று நூல் எழுதினார். 1600ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் உரோமாபுரியில் அவரை உயிரோடு எரித்தனர். அவர்மேற் சாட்டிய குற்றங்கள் பல. அவற்றுட் பெரும்பாலான கிறித்து பெருமானின் இறைத்தன்மை முதலிய கோட்பாடுகள் பற்றியவை. பல உலகக் கொள்கையும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

பின்னர்க் காலம் மாறிற்று. 1794இல் தாமசு பெயின் என்பார், உலகங்கள் பலவாயின் இறைமகன் ஒவ்வோர் உலகிலும் சென்று உயிர் துறக்க வேண்டுமோ என்று கேட்டுச் சமயத்தைத் தாக்கினார். அதற்கு மறுமொழியாக 1817இல் கிளாசுகோ நகரின் போதகர் தாமசு சால்மர்சு தம் வானநூற் சொற்பொழிவுகளை வெளியிட்டார். ஓர் ஆட்டைத் தேடித் தொண்ணூற்றொன்பதை விட்டுச் செல்லும் மேய்ப்பன் சிறிய பூமியையும் புறக்கணியான் என்பது அவர் விடையின் சாரம். 1853இல் கேம்பிரிட்சுப் பேராசிரியர் வியூவெல் பிறவுலகங்களில் அறிவுயிர்கள் இல்லையென்று எழுத, 1854இல் புரூசுட்டர் உண்டென்று மறுத்தெழுதினார். இருவரும் கிறித்தவ நம்பிக்கையில் தோய்ந்தவர்களே. ஒரே சமயத்தினின்று இரு விடைகள் பிறந்தன என்பதை நினைவிற் கொள்க.

யாழ்ப்பாணத்தில் வானநூற் போர்

இவ்வழக்கு ஐரோப்பாவில் நடந்த அதே காலத்தில் வானநூல் தமிழ் மண்ணிற் படைக்கலமாயிற்று. அமெரிக்கப் பாதிரிமார் 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விக் கழகம் நிறுவினர். அதன் தலைவர் தானியேல் பூவர். 1829ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை முன்வைத்து, அராலியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாத்திரியாரின் கணக்கோடு தம் கணக்கை ஒப்பிட்டு, எது பொருந்துகின்றதென்று பலரறியக் காட்டினார். சாத்திரியார் கணக்கு பிழைபட்டது. பாதிரிமார் அத்துடன் நில்லாது, கிரகணக் கணக்கு பிழையாயின் மேருவும் ஏழு கடலும் பிழை, அவை பிழையாயின் கந்தபுராணம் பிழை, புராணம் பிழையாயின் சைவம் பிழை என்று படிப்படியாக வாதத்தை ஏற்றிச் சென்றனர். வீடுதோறும் கந்தபுராணம் போற்றப்பட்ட யாழ்ப்பாணத்தில் அவ்வாதம் எத்துணை நோவு தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டா.

அவர்களுடைய சமயத்தாரையே அவர்கள் தாயகத்தில் அவ்வானநூல் மறுபுறம் திரும்பி வினவிக்கொண்டிருந்தது என்பதை அன்று யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைப்பார் எவரேனும் இருந்திருப்பின் வழக்கு வேறு வகையாய் முடிந்திருத்தல் கூடும். கிரகணக் கணக்கு பிழைத்தால் கணக்கைத் திருத்துதலே முறை. அதனைச் செய்து காட்டிய தமிழகத்து அறிஞர் ஒருவர் உண்டு. சென்னை வான ஆய்வு நிலையத்தில் உதவியாளராய்ப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இங்கிலாந்து அரச வானநூற் கழகத்தின் உறுப்பினரானார். அவர் புதிய வானநூற் கணக்கைக் கொண்டே திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். சமய நாட்களையும் விட்டாரல்லர், தொலைநோக்கியையும் விட்டாரல்லர். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்க இருந்தபோது, அதனைப் பொதுமக்களுக்கு விளக்க நூல் எழுதி, இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவரச் செய்தார்.

வங்க மண்ணில் வெள்ளிக்கோள்

அதே வெள்ளிக் கடப்பு நம்மை வங்கத்துக்கு அழைத்து வருகின்றது. ஹவுராவிலிருந்து பாட்னா செல்லும் பெருவழியில் ஆசன்சோலுக்கு அப்பால் மதுப்பூர் என்னும் சந்திப்பு நிலையம் உண்டு. நம்மிற் பலர் உறக்கத்திற் கடந்து செல்லும் ஊர் அது. 1874ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள், இத்தாலிய வானநூலார் தாக்கீனி என்பவர் தலைமையில் அவ்வூரிற் கூடாரம் அடித்துத் தொலைநோக்கிகளை நாட்டினர். அவர்களோடு நின்றவர் கல்கத்தா புனித சேவியர் கல்லூரியின் பாதிரியார் லாஃபோன். சூரியன்மேல் வெள்ளி ஒரு கரும்புள்ளியாய் ஊர்ந்தபோது, தாக்கீனி நிறமாலைக் கருவி வழியே நோக்கி, அக்கோளின் காற்று மண்டலத்தில் நீராவியின் குறி கண்டதாக அறிவித்தார். நீர் உண்டெனில் உயிரும் உண்டாகலாமென்று உலகோர் எண்ணுதல் இயல்பன்றோ?

பெல்ஜிய நாட்டினராகிய லாஃபோன் 1865இல் கல்கத்தா வந்தவர். இயேசு சபைத் துறவி. 1875இல் தம் கல்லூரியில் வான ஆய்வு நிலையம் அமைத்தவர். ஜகதீச சந்திர போசுக்கு இயற்பியல் கற்பித்தவர். 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தை நிறுவியபோது உடன் நின்று துணை புரிந்தவரும் இவரே. அக்கழகம் பவுபசாரில் இருந்த நாளில், 1907இல், நிதித்துறை அலுவலராய்க் கல்கத்தாவுக்கு வந்த திருச்சிராப்பள்ளித் தமிழர் ஒருவர், அலுவலக நேரம் போக மிஞ்சிய பொழுதெல்லாம் அதன் கூடத்தில் ஆய்வு நடத்தினார். அவரே சர். சி. வி. இராமன். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அங்கு கண்ட விளைவுக்கு 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது. பின்னர் அக்கழகம் நம் ஜாதவ்பூருக்கே இடம் பெயர்ந்தது. பல்கலைக்கழகத்தின் அருகே நாம் நாள்தோறும் கடந்து செல்லும் கட்டடத்தின் அடித்தளத்தில், ஒரு பாதிரியாரின் பக்தியும் ஒரு மருத்துவரின் அறிவு வேட்கையும் ஒருங்கே கிடக்கின்றன என்று எண்ணுதற்கு இன்பமாய் உள்ளது.

வங்க எழுத்தாளர் ஜகதானந்த ராய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளிக்கோளுக்குச் செல்லும் பயணக் கதை எழுதி, அங்கு உரோமம் அடர்ந்த குரங்கினையொத்த உயிர்களைப் படைத்துக் காட்டினார். பின்னாளில் இவர் சாந்திநிகேதனத்தில் ஆசிரியராய் இருந்தார். ஆயின் அக்கனவு நிலைக்கவில்லை. 1962இல் சென்ற அமெரிக்கக் கலமும், 1970இல் வெள்ளியில் இறங்கிய சோவியத்துக் கலமும் அங்கு ஈயமும் உருகும் வெப்பம் நிலவுவதைக் காட்டின. செவ்வாயில் கால்வாய் வெட்டிய நாகரிகம் உண்டென்ற நம்பிக்கையும் 1965இல் எடுத்த நிழற்படங்களோடு மறைந்தது. மதுப்பூரிற் கண்ட நீராவியை நம்பி எவரேனும் சமயக் கோட்பாடு கட்டியிருப்பின் அது இன்று நிலைகுலைந்திருக்கும்.

எல்லாம் வேதத்தில் உளவோ?

இவ்விடத்து, மேகநாத சாகாவின் வரலாறு நமக்கு நல்லறிவு புகட்டும். டாக்கா மாவட்டத்துச் சிற்றூரில் எளிய குடும்பத்திற் பிறந்து, 1920இல் விண்மீன்களின் நிறமாலையைப் படித்தறியும் சமன்பாட்டை உலகுக்கு வழங்கியவர் அவர். நம் ஜாதவ்பூர்க் கழகத்தின் இயக்குநராகவும் விளங்கி 1956இல் மறைந்தார். இளமையில் அவர் தம் ஆய்வை டாக்கா வழக்குரைஞர் ஒருவருக்கு விளக்க, அவர் இவை எல்லாம் வேதத்திலேயே உள்ளன என்றாராம். எவ்விடத்தில் என்று சாகா வினவ, தாம் வேதம் படித்ததில்லை என்றாராம் அவர். சாகா பின்னர் வேதம் முதலிய நூல்களைப் பயின்று பார்த்து, அத்தகைய கூற்றுகட்கு அவற்றிற் சான்றில்லை என்று வங்க இதழில் எழுதினார். பெரும் பூசல் மூண்டது.

சாகா தம் முன்னோரை இகழ்ந்தாரென்று அன்று பலர் சினந்தனர். எமக்கோ வேறு வகையாய்த் தோன்றுகின்றது. நூலைப் படியாமலே அதில் எல்லாம் உள்ளதென்பவன் அந்நூலை மதிக்கின்றவன் அல்லன். மாணிக்கவாசகரைத் தொலைநோக்கிக்குச் சாட்சியாக நிறுத்தினால், நாளை தொலைநோக்கி வேறு சொல்லும்போது அவர் பொய்ச்சாட்சி ஆகிவிடுவார். அவர் பாடியது கண்ணீரால் நனைந்த பாட்டு. அதற்குச் சான்றிதழ் வழங்க எந்த ஆய்வுக்கூடமும் வேண்டா.

குளத்தில் எழுந்த கோயில்

வங்கத்துப் பெருங்கலைஞர் சத்தியஜித் ராயும் இவ்வினாவைத் தொட்டவரே. 1962இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழில் அவர் எழுதிய கதையில், ஊரார் அனைவரும் எள்ளி நகையாடும் ஏழைப் பள்ளி ஆசிரியர் பங்குபாபு மூங்கிற் காட்டில் வேற்றுலகத்தான் ஒருவனைக் காண்கின்றார். அந்தச் சந்திப்பால் தலை நிமிர்கின்றார். 1967இல் அவர் எழுதி, படமாகாமலே நின்றுபோன திரைக்கதையிலோ, வேற்றுலகக் கலம் ஒன்று வங்கச் சிற்றூரின் தாமரைக் குளத்தில் இறங்கி, அதன் உச்சி மட்டும் நீருக்கு மேல் தெரிகின்றது. ஊரார் அதனைப் பூமிக்கடியிலிருந்து எழுந்த கோயிலென்று கருதி வழிபடத் தொடங்குகின்றனர்.

இதனை எண்ணி நாம் நகைக்கலாம். ஆயின் அக்காட்சியில் ஓர் உண்மை உண்டு. அறியாத ஒன்று வந்து நிற்கும்போது மனிதர் அதனைத் தெய்வமாக்கிக் கும்பிடுவர், அன்றேல் அசுரனாக்கி விரட்டுவர். மூன்றாவது வழியாகிய அறிமுகம் செய்துகொள்ளல் என்பது எளிதில் வாய்ப்பதில்லை. மொழி அறியாது இந்நகருக்கு வந்து இறங்கிய நம் தந்தையர் தலைமுறைக்கு இது நூலிற் படித்த செய்தி அன்று.

இன்றைய நிலை

1995இல் சூரியனையொத்த பிறிதொரு விண்மீனைச் சுற்றும் கோள் முதன்முதலிற் கண்டறியப்பட்டது. இன்று அத்தகைய கோள்கள் ஏறத்தாழ 6,000 வரை உறுதி செய்யப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றன் விண்மீனுக்கு 2019இல் 'விபா' என்று பெயர் சூட்டப்பட்டது. கல்கத்தாவிற் பிறந்து, போசு ஆய்வகத்தில் அண்டக்கதிர்களை ஆராய்ந்த பெண் அறிஞர் விபா சௌத்ரியின் நினைவாக வழங்கப்பட்ட பெயர் அது. அவ்விண்மீனைச் சுற்றும் கோளின் பெயர் 'சந்தமசா'. அதன் ஓராண்டு நம் இரண்டு நாட்களைச் சிறிதே கடந்தது. உயிர் வாழ்தற்கு ஒவ்வாத கொடும் வெப்ப உலகம் அது. இத்தனை கோள்களுள் ஒன்றிலேனும் உயிர் உண்டென்பதற்கு உறுதியான சான்று இதுகாறும் கிட்டவில்லை.

சமயத்தாரும் வாளாவிருக்கவில்லை. வத்திக்கான் வான ஆய்வு நிலையத்தின் தலைவராயிருந்த ஓசே காப்ரியேல் பூனசு 2008இல், வேற்றுலக உயிர்கள் உண்டென நம்புவது இறைநம்பிக்கைக்கு முரணன்று, அவற்றையும் உடன்பிறப்பாகக் கொள்ளலாமென்று கூறினார். லாஃபோனைப் போன்றே அவரும் இயேசு சபையினர். புருனோவை எரித்த நகரினின்றே 408 ஆண்டுகட்குப் பின் அச்சொல் எழுந்தது.

இளைஞனுக்கு யாம் கூறும் விடை

இனி, அன்று கூறாது விட்ட விடையைக் கூறுவோம். சைவ சித்தாந்தம் உயிர்கள் எண்ணிறந்தன என்கின்றது. உடம்பு, கருவி, உலகம், நுகர்பொருள் ஆகிய தனு கரண புவன போகங்களை அவ்வவ்வுயிர்க்கு ஏற்ப அளிப்பவன் இறைவன் என்கின்றது. அவன் ஒரு பெயரும் ஓர் உருவும் ஒரு மொழியும் உடையவன் என்று அது கூறவில்லை. ஆகவே வேற்றுலகில் அறிவுயிர் உண்டாயின் அதுவும் நம்மைப் போல் கட்டுண்ட பசுவே. அது நம்மை ஆள வந்த தெய்வமும் அன்று. அழிக்க வந்த அசுரனும் அன்று. அதற்குத் திருவாசகம் கிட்டாமற் போகலாம். ஆயின் அதற்கும் உருகும் நெஞ்சம் இருக்குமாயின் அதற்கென ஒரு வாசகம் அங்கே பிறவாதென்று யாரே கூறவல்லார்?

அங்ஙனமாயின் பூமியிற் பிறப்பதற்குத் தேவரும் ஏங்குவர் என்றது என்னை? பிற இடங்களைத் தாழ்த்துதற்கு அன்று என்பதே எம் சிற்றறிவிற்குத் தோன்றுவது. கிடைத்த இடத்தை வீணாக்காதே என்பது அதன் குறிப்பு. இப்பொருத்தம் சரியோ தவறோ, கற்றறிந்தோர் திருத்துவாராக. வினாவை அடைத்தல் மட்டும் வேண்டா என்பதே எம் வேண்டுகோள்.

நம் பிள்ளைகள் பள்ளியில் வங்க மொழியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தேவாரமும் திருவாசகமும் அவர்கட்கு எட்டுவது நம் கூடத்து வழிபாட்டில் மட்டுமே. அங்கும் வினவக்கூடாதெனின் அவர்கள் வினவ வேறிடம் செல்வர். நம்மைத் தேடி வரமாட்டார். வட்டுக்கோட்டையில் இளைஞர் சிலரை நாம் இழந்தது வானநூலின் வன்மையாலா, நம் மௌனத்தாலா என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் பெரியவரிடம் படித்துக் காட்டினோம். முழுதும் கேட்டு, நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அந்தப் பையன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். சொல்லி அனுப்பினோம். வரும் மார்கழி முற்றோதலில் திருவண்டப்பகுதிக்குப் பின் அரைமணி நேரம் வினா விடைக்கென ஒதுக்கச் செயற்குழு இசைந்துள்ளது. அன்பர்கள் தத்தம் பிள்ளைகளுடன் வருக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!